இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

முதலில் சத்தம்தான் வரும்.

மலைக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தால் அதற்கும் கீழே எங்கேயோ ஒரு இருமல். அப்புறம் விடாத முனகல், சளி கட்டிய நெஞ்சோடு யாரோ படியேறுகிற மாதிரி. மடத்து அடுக்களையில் இருக்கிறவர்கள் நிமிர்ந்து வாசலைப் பார்ப்பார்கள். வாசலில் ஒன்றும் இருக்காது.

"சென்னியப்பண்ணன் புறப்பட்டாச்சு. சாப்பாட்டுக்கு வந்துருவாரு" என்பார் சமையல்கார தங்கமுத்து. காலைப் பலகாரமே அப்போதுதான் ஆகியிருக்கும்.

அன்றைக்கு வண்டியில் வந்த பெரியவர் ஒருத்தர் பாதி வழியில் பொறுக்கமாட்டாமல் இறங்கி நடந்தார். நடந்தவர் முதலில் வந்து சேர்ந்தார். வாசலில் நின்று, வண்டி வந்ததும் கும்பிட்டு வரவேற்றார்.

சென்னியப்பன் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் போனார்.

"அம்மா, வண்டி ஏற மாட்டேங்குதுங்க."

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கே ஏற மாட்டேங்குதுங்ண்ணா?"

"எங்கேயும்தானுங்க."

"எங்கேயும்னு ஒரு இடம் இந்த மலையில இல்லையே" என்றார் அம்மா. அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

கரட்டுமலை மடத்துக்கு அவர்தான் தலைமை. சென்னியப்பனைவிட வயதில் இளையவர். அதனால் குருவாக இருந்தும் அவர் இவரை அண்ணா என்பார். மூத்தவராக இருந்தும் இவர் அவரை அம்மா என்பார். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபட இரண்டு வேளைச் சாப்பாடு ஆகும்.

வண்டி, கோல்ஃப் மைதானத்து வண்டி. குளிர் ஊரில் ஒரு மைதானத்தில் பேட்டரி வண்டிகள் வாங்கியபோது கழித்துவிட்ட பழைய பெட்ரோல் வண்டி. அறங்காவலர் ஈஸ்வரமூர்த்தி அதைப் பிடித்துக் கொண்டுவந்து மடத்துக்குக் கொடுத்தார். கீழ்வாசலிலிருந்து மேல்வாசலுக்கு முட்டிவலிக்காரர்களை ஏற்றிவர வேண்டும், அதுதான் அதற்கு வேலை. முன்னால் இரண்டு பேர். பின்னால், வந்த வழியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர். மட்டைப் பையை மாட்டுகிற இடத்தில் பால்கேன். ஊர்க்காரர்கள் அதற்குப் பந்துவண்டி என்று பெயர் வைத்தார்கள்.

சென்னியப்பன் மினிபஸ் ஓட்டியவர். பந்துவண்டியில் ஏறி உட்கார்ந்த முதல் நாளே அவருடைய இடது கால் தவித்துப்போனது. கிளட்ச் இல்லை. கியர் இல்லை. இரண்டே மிதி. போவதற்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று. இரண்டையும் வலது காலே பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வினோதமும் உண்டு. போகிற மிதியிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே அணைந்துவிடும். மறுபடி மிதித்தால் மறுபடி உயிர் வரும். நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கிற பழக்கம் அதற்கு இல்லை. போனால் போகும். இல்லையென்றால் பேசாமல் கிடக்கும்.

அப்படிப்பட்ட வண்டிதான் இப்போது ஏற மறுத்தது.

*

சென்னியப்பன் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே குளவி மண்வீடு கட்டியிருந்தது. தட்டிச் சுத்தம் பண்ணி, புதுசே வாங்கிப் போட்டார்.

"மூச்சு சரியாச்சுங்களா?" என்று கேட்டார் அம்மா.

"மூச்சு சரியாச்சுங்க. ஏறலீங்க."

கார்பரேட்டரைப் பிரித்தார். பழைய பெட்ரோல் பிசினாய் ஒட்டியிருந்தது. கழுவினார், டேங்க்கையும் வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றினார். அதையும் போய்ச் சொன்னார்.

"குடிக்கறதும் நல்லதாக் குடிக்குது" என்றார் அம்மா. "அப்புறம்?"

அப்புறம் ஸ்பார்க் பிளக். அப்புறம் சைலன்சர். டயருக்குக் காற்று. பெல்ட்டைப் பார்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளத்துத் தேய்ந்திருந்தது. சரி, கண்டுபிடித்தாயிற்று என்று மாற்றினார். மாதம் திரும்பவில்லை, புது பெல்ட்டும் அதே பளபளப்பு.

சந்தோஷமாக இரண்டு நாள், பழையபடி முனகல். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

தங்கமுத்து ஒருநாள் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் விபூதியும் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போனார். சென்னியப்பன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்துவிட்டு மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.

ஈஸ்வரமூர்த்தி வந்தார். வண்டி ஏறுகிற அழகை நின்று பார்த்தார். கார்த்திகை தீபம் முடியட்டும், இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், பின்பக்கத்து மண்ரோட்டில் ஜீப் விடலாம், ஜீப்பை ஓட்டத் தன் கார் ஓட்டுகிறவனே வந்துவிடுவான் என்றார். எல்லோரும் நல்லதுதான் என்றார்கள். சென்னியப்பனும் நல்லதுதானுங்க என்றார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அது வண்டிக்காக இல்லை.

*

முன்பக்கத்துப் பாதையில், மேல்வாசலுக்குச் சற்று முன்னால், பாறை வளைவு என்று ஒன்று உண்டு. அங்கே மட்டும் பாறை இரண்டாகப் பிளந்து வழிவிடும். அந்த இடைவெளியில் அடிவாரத்து ஊர் தெரியும். மில் கூரை தெரியும். பச்சை பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி தெரியும். தொட்டிக்கு நேர் கீழே ஒரு மொட்டை மாடி.

அது சென்னியப்பனுடைய வீடு. அவர் விட்டுவிட்டு வந்த வீடு.

ஏன் விட்டு வந்தார் என்று கேட்டால் அவரிடமே நாலைந்து பதில் உண்டு, எதுவும் அவருக்கே திருப்தி இல்லை. புறப்பட்ட அன்று அவருடைய மனைவி வசந்தாமணி அழவில்லை. "போறதுன்னா போங்க. நிலைப்படியில நின்னுக்கிட்டுப் போறேன் போறேன்னு சொல்லிட்டிருக்காதீங்க" என்றாள். மகள் நித்திலா அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் சோறு தின்றுகொண்டிருந்தாள். கையில் எடுத்த உருண்டையை வாயில் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலையிலிருந்து பார்த்தால் மாடியில் ஆள் யாரென்று தெரியாது. கொடியில் கிடக்கிற துணி தெரியும்.

துணியை வைத்துத்தான் மகளை வளர்த்தார். நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் வருஷா வருஷம் நீளமாயின. அப்புறம் ஒரு ஆனியில் சீருடை போய்ச் சுடிதார் வந்தது. கல்லூரி என்று தெரிந்துகொண்டார். மஞ்சள் ஒன்று அவளுக்குப் பிடித்தது போலிருக்கிறது, அடிக்கடி காயும். ஒரு மழையில் எல்லாத் துணியும் நனைந்துகொண்டே கிடந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு முழுக்கத் தியானத்தில் உட்கார முடியவில்லை.

இந்த ஆடியிலிருந்து சுடிதார் இல்லை. ஒன்றுகூட இல்லை. கொடியில் புடவைகள்தான் கிடந்தன.

கல்யாணமாகிப் போய்விட்டாளா. வெளியூரா. நோயா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இருந்தது. அந்த வார்த்தையை அவர் மனசுக்குள்ளும் சொல்வதில்லை.

யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் மடத்தில் தங்க வந்தவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. சட்டம் ஒன்றுமில்லை. முன்னால் வந்தவர்கள் கேட்கவில்லை, பின்னால் வந்தவர்களும் கேட்கவில்லை, அப்படியே நின்றுபோனது.

ஒரு தடவை, தண்ணீர்த் தொட்டி வீதியிலிருந்தே ஒரு பெண்மணி வந்தாள். வண்டியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எந்த வீதி என்று அவளாகவே சொன்னாள். சென்னியப்பன் இரண்டு வளைவு தாண்டிய பிறகு வாய் திறந்தார்.

"உங்க பக்கமெல்லாம் மழை உண்டுங்களா?"

அந்தப் பெண்மணி மலையைப் பார்த்தாள், கீழே ஊரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இங்க பேஞ்சா அங்கயும் பேயுமுங்க, சாமி" என்றாள்.

அதோடு பேச்சு முடிந்தது.

பாறை வளைவுக்கு நடந்தே போய் ஆசைதீர நின்று பார்க்கலாம்தான். கூப்பிடு தூரம். ஆனால் நடந்து போனால் அது பார்க்கப் போனது. வண்டியில் போனால் அது வழியில் பட்டது. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த வித்தியாசத்தில்தான் அவருடைய துறவு முழுவதும் நின்றது.

வண்டியும் அவருக்கு ஒத்தாசை பண்ணியது. வளைவு வந்தால் தானாகத் தயங்கும். நிற்காது, போகாது, அங்குலம் அங்குலமாக முனகும். இரக்கமுள்ள வண்டி என்று நினைத்துக்கொள்வார்.

ஜீப் வந்தால் பின்பக்கத்து ரோடு. பின்பக்கத்தில் கள்ளிக்காடு மட்டும்தான்.

*

"அம்மா, கார்த்திகைக்குள்ள சரி பண்ணோணுமுங்க" என்று மறுபடி போய் நின்றார்.

"இன்னிக்கு நான் வர்றேன்" என்றார் அம்மா.

அம்மா வண்டியில் ஏறியதே கிடையாது. படியில் இறங்கிக் கீழ்வாசலுக்கு வந்தார். முன்னால் உட்காரச் சொன்னதற்கு மாட்டேனென்று, பால்கேனைத் தள்ளி வைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். கால் தொங்க, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

வண்டி முனகி ஏறியது. பாறை வளைவில் தயங்கியது. சென்னியப்பன் பார்த்தார். புடவைகள்.

மேல்வாசலில் இறங்கியதும் அம்மா தொட்டியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டுவந்தார். வந்த களைப்புக்குக் குடிக்கப்போகிறார் என்று சென்னியப்பன் நினைத்தார்.

அம்மா தண்ணீரைப் பின்சக்கரத்தில் ஊற்றினார்.

சுர்ர் என்றது. ஆவி எழும்பியது.

சென்னியப்பன் குனிந்து சக்கரத்தின் நடுவில் கைவைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"பிரேக் பிடிச்சுட்டே வருதுங்களே."

"பாக்கலீங்களா?"

"ஏறாத வண்டிக்கு யாருங்க பிரேக்கைப் பாப்பாங்க? நிக்காத வண்டிக்கில்ல பிரேக்கைப் பாக்கறது."

அம்மா சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சென்னியப்பன் பிரேக் டிரம்மைத் திறந்தார். பிரேக் கட்டை தகடு வரைக்கும் தேய்ந்து கருகியிருந்தது. மிதியைத் திருப்பி இழுக்கிற ஸ்பிரிங் துவண்டு கிடந்தது. ஊருக்குள் ஆளனுப்பிப் புதுசு வாங்கி மாட்டினார். கேபிளுக்கு எண்ணெய் விட்டார்.

வண்டி பறந்தது.

ஒரு பாட்டியம்மா முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு வந்து இறங்கினாள். தங்கமுத்து அடுப்பங்கரையை விட்டு ஓடிவந்து, "ஏனுங்ண்ணா, கீழ போலீஸ் தொரத்துதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கொடியில் ஏதோ நிறம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை.

வாரம் முடிவதற்குள் வண்டி பழையபடி முனகத் தொடங்கியது. சென்னியப்பனுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. அதை நினைத்து வெட்கப்பட்டு, வெட்கத்தை மறைத்துக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

அம்மா கேட்டுக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை.

*

தீபத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஈஸ்வரமூர்த்தி, ஜீப்பு விஷயத்தை முடிவு பண்ண வந்தார். அவர் காரை ஓட்டி வந்தவன் பெயர் சாதிக். நடுவயது ஆள், வாயில் எப்போதும் பாக்கு.

அம்மா சாதிக்கைக் கூப்பிட்டார். பந்துவண்டியைக் கீழே கொண்டுபோய், பால்கேனை ஏற்றிக்கொண்டு, மேலே கொண்டுவரச் சொன்னார்.

"நானே போறனுங்களே" என்றார் சென்னியப்பன்.

"நீங்க இப்படி உக்காருங்க" என்று முறத்தை நகர்த்தினார் அம்மா. முறம் நிறைய வெங்காயம்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. வேறொருத்தன் கையில் தன் வண்டி. இத்தனை வருஷத்தில் மேலே உட்கார்ந்து அதன் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர் அவர்.

இரண்டு பேரும் உரித்தார்கள்.

கீழே இருமல் கேட்டது. அப்புறம் உறுமல். மரங்களுக்கு நடுவில் அது வலப்பக்கம் போனது, இடப்பக்கம் திரும்பியது. ஏறியது. இன்னும் ஏறியது. சென்னியப்பன் உரிப்பதை நிறுத்திவிட்டார். பாறை வளைவுக்கு வந்துவிட்டது, இதோ தயங்கும், இதோ.

சத்தம் வளைவைத் தாண்டி ஏறியது.

வெள்ளைக் கூரை வேப்பமரத்துக்குப் பின்னால் தெரிந்தது. சாதிக் இறங்கி, பாக்கைத் துப்பிவிட்டு வந்து சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்தான். "வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் ஏறுது. பிரேக் மிதி ரப்பர்தான் வழவழன்னு தேஞ்சு போச்சு. பக்கத்து மிதியில வரிகூட அழியல. யாரோ இதுமேலயே குடியிருந்திருக்காங்க" என்றான்.

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

"சத்தம் எங்கீங்ண்ணா நின்னுது?" என்றார் அம்மா.

"எங்கேயும் நிக்கலீங்க."

"நீங்க வர்றப்ப நிக்கும். ஏறும், ஏறும், அப்புறம் ஒரே எடத்துல கெடக்கும். நான் நாலு வெங்காயம் உரிப்பேன்."

சென்னியப்பன் தன் இடது காலைப் பார்த்தார். மடக்கி வைத்திருந்த கால், தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல இருந்தது.

"நான் மிதிக்கலீங்கம்மா."

அம்மா உரித்தார்.

"தெரிஞ்சு மிதிக்கலீங்க."

அப்புறம் சென்னியப்பன் சொன்னார். தொட்டியைச் சொன்னார், மாடியைச் சொன்னார், சீருடையிலிருந்து மஞ்சள் சுடிதார் வரைக்கும் சொன்னார். வலது காலை எடுத்தால் இன்ஜின் அணைந்துவிடும், சத்தம் நின்றால் மேலே இருக்கிறவர்கள் என்னவென்று கேட்பார்கள், அதனால் அந்தக் கால் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த இடது கால் பிரேக் மிதியில் தனக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டிருக்கிறது. சொல்லச் சொல்லத்தான் அவருக்கே தெரிந்தது.

"வீட்டை நெனைக்கக்கூடாதுன்னு தெரியுமுங்க. முடியலீங்க."

"நான் எப்பங்ண்ணா கூடாதுன்னு சொன்னேன்?"

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார். எவ்வளவு தூரம் பின்னால் போய் யோசித்தும் அம்மா அப்படிச் சொன்ன ஒரு நாள் அகப்படவில்லை.

"பாப்பா துணி காணமுங்க" என்றார். "ஆடியில இருந்து காணமுங்க."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நானும் பாத்தேன். பின்னால உக்காந்தா ஊரே தெரியுது. புடவை கெடந்துச்சு."

"அது எங்க வீட்டுக்காரியோடதுங்க."

"எல்லாமா?"

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் புடவை நாலா மடிச்சுக் கெடந்துச்சு. கொஞ்சம் முழு நீளத்துக்கும் விரிச்சு, காத்துல பறந்துட்டுக் கெடந்துச்சு. அந்தக் கொடியில ரெண்டு பேரோட கை இருக்குதுங்ண்ணா."

வசந்தாமணி துணியை நாலாக மடித்துத்தான் போடுவாள். கொடியில் அடுத்த துணிக்கு இடம் வேண்டும் என்பாள். ஒரு புடவையை முழுசாக விரித்துக் காயப்போட அவளுக்கு இந்த ஜென்மத்தில் மனசு வராது.

தினமும் பார்த்திருக்கிறார். சிறுபிள்ளைத் துணியைத் தேடித் தேடி, விரித்துக் கிடந்த புடவைகளையெல்லாம் விலக்கி விலக்கிப் பார்த்திருக்கிறார்.

அவர் எழுந்தார். மடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நடந்தே போறனுங்க."

"படியில பாத்து எறங்குங்க. பாசி புடிச்சிருக்கு" என்றார் அம்மா.

எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. வருவீர்களா என்றும் கேட்கவில்லை.

*

தண்ணீர்த் தொட்டி வீதி மாறியிருந்தது. வீடு மாறவில்லை.

வாசலில் ஒரு பெண், கேட்டுக்கும் செம்பருத்திச் செடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. வேலைக்குப் போகிறவள்.

சென்னியப்பன் தெருவில் நின்றார். கூப்பிடுவதற்குப் பெயர் வாயில் இருந்தது. வெளியே வரவில்லை.

அவள் நிமிர்ந்தாள். தாடியைப் பார்த்தாள். காவி வேட்டியைப் பார்த்தாள். அப்புறம் கண்ணைப் பார்த்தாள்.

என்னென்னவோ சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் படியிறங்கி வந்திருந்தார்.

"அப்பா, கேட்டைக் கொஞ்சம் புடிங்க" என்றாள். "எனக்கு நேரமாச்சு."

அவர் ஓடிப்போய் கேட்டைப் பிடித்தார். அவள் வண்டியை வெளியே தள்ளினாள். தாண்டும்போது அவள் தோள் அவர் கையில் பட்டது. ஸ்டார்ட் பண்ணினாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

கேட்டைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

உள்ளே முற்றத்தில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வசந்தாமணி குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது. அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் நிலைப்படி வரைக்கும் வந்தார். அங்கே நின்றார்.

தண்ணீர் குடத்தின் கழுத்துக்கு வந்தது. வாய்க்கு வந்தது. வழிந்து அவள் கால் நனைந்தது.

"அந்தக் குடம் ரொம்பிருச்சு" என்றாள் வசந்தாமணி.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குனிந்து, குடத்தைத் தூக்கினார். அவள் காலிக் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தாள்.